சேவை மனசு மட்டும் போதுமா?



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதுமே, கவிதை எழுதுகிறவர்கள் கவிதைக்கும் ஜோக் எழுதுகிறவர்கள் ஜோக்குக்கும் இடம் பிடித்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி நிர்வாகம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் பெஞ்ச் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏல, எலக்ட்ரிக்கல் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரியில என்னல வேலை?" என்று கேட்டான். வேலை இருக்கிறது நண்பா! கட்டுரை முடிவதற்குள் நீயும் ஒத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

நல்ல ஆஸ்பத்திரி எது என்று நம்ம ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும், "அந்த டாக்டர் தங்கமான மனுசன்" என்றோ, "அந்த நர்சம்மா கை ராசி" என்றோதான் பதில் வரும். அதாவது நல்ல வைத்தியம் என்பது நல்ல மனசிலிருந்து வருவது என்று நாம் நம்புகிறோம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது பாதி உண்மைதான் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் குற்றால அருவியையே எடுத்துக்கொள்வோம். ஜூன் பிறந்து ஆரியங்காவு வழியாகக் காற்று வந்து சாரல் விழுந்தால் ஐந்தருவியில் ஐந்து கிளையும் கொட்டும். அதே இடத்தில் மார்ச், ஏப்ரலில் போய் நின்று பாருங்கள், பாறைதான் தெரியும். ஆனாலும் சிற்றாற்றுப் பாசனத்தில் நெல் விளைகிறதே, எப்படி? நம் முன்னோர் அணை கட்டி, கால்வாய் வெட்டி, ஊருக்கு ஊர் குளத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். அருவியைப் பார்த்துக் கவிதை எழுதலாம். நாற்று விட வேண்டும் என்றால் குளத்தைத்தான் நம்ப வேண்டும்.

சேவை மனசு என்பது அருவி மாதிரி. வரும்போது கொட்டும், இல்லாதபோது வறளும். அதைத் தேக்கி, எல்லா நாளும் எல்லாருக்கும் பாய வைக்கும் குளமும் மடையும்தான் நிர்வாகம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

நாலாவது ஆள்

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் கடைசிக் குறளில், 950-ஆவது குறளில், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று கணக்கிடுகிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகக் கூட இருந்து கவனிக்கிறவர். அந்த நாலாவது ஆளையும் டாக்டருக்குச் சமமாக அவர் வரிசையில் நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள்!

இன்றைய ஆஸ்பத்திரியில் அந்த நாலாவது ஆள் ஒருவர் அல்ல, ஒரு கூட்டம். நர்ஸ், வார்டு ஆயா, துப்புரவுப் பணியாளர், மருந்து எடுத்துக் கொடுப்பவர், லேப் டெக்னீசியன், எலக்ட்ரீசியன், லிப்ட் ஓட்டுபவர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று எத்தனையோ பேர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கான்ட்ராக்ட் ஏஜென்சி மூலம் தரை துடைக்கும் வேலை பார்க்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. எனவே நான் ஆஸ்பத்திரியைப் பார்ப்பது டாக்டர் ரூம் வாசலிலிருந்து அல்ல, வாளியும் மாப்பும் வைத்திருக்கும் மூலையிலிருந்து. அங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்!

வடமலாபுரத்து டாக்டர்

நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. பிரசவ டாக்டராக வேண்டும் என்று இருந்தவரை இளம் வயதிலேயே முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிவிட்டன. அந்த விரல்களோடு கண் மருத்துவம் படித்து, கத்தி பிடிக்கப் பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976-இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலியில் அதன் கிளை 1988-இல் வந்தது. 2006-இல் அவர் மறைந்தார். மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். ஒரு நல்ல மனிதர் மறைந்ததும் அவர் நடத்திய இடமும் படுத்துவிடுவதை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இங்கே அப்படி ஆகவில்லை. ஏன்? அவர் தன் நல்ல மனசை ஓர் ஏற்பாடாக மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்குப் பக்கம் பக்கமாக இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பி அடுத்த கண்ணுக்குப் போய்விடுவார். நம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லித் தருகிறார்களே, மெஷின் சும்மா நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று, அதே பாடம்தான்! இப்படி அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 கண்புரை அறுவைகள் வரை செய்ய முடிகிறது.

டாக்டரைச் சுற்றி நிற்கும் மற்ற வேலைகளை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பது, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது, அறுவைக்குத் தயார் செய்வது, நோயாளிக்குப் பயம் போகப் பேசுவது என்று ஒவ்வொரு வேலையிலும் தேர்ந்தவர்களாக ஆக்குகிறார்கள். ஊழியர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான். நாலாவது ஆளை நம்பிக் கட்டிய மருத்துவமனை அது.

இன்னொன்று. அங்கே பணம் கட்டிச் சிகிச்சை பெறும் பகுதியும் உண்டு, இலவசப் பகுதியும் உண்டு. எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம். டாக்டர்களும் நர்சுகளும் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். பணக்காரக் கண்ணுக்கு ஒரு டாக்டர், ஏழைக் கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று பிரிக்கவில்லை. "ஏழையிடம் அன்பாக இரு" என்று சுவரில் எழுதிப் போடுவதைவிட இந்த டூட்டி அட்டவணை நூறு மடங்கு நன்றாக வேலை செய்யும் என்பேன். ஒழுக்கத்தை உபதேசமாக வைக்காமல் அட்டவணையாக வைத்தார்கள்!

ஆரம்பத்தில் இலவச அறுவை என்று சொல்லியும் கிராமத்தில் பலர் வரவில்லை. காரணம் விசாரித்தபோது பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, இதோடு பயமும் என்று தெரிந்தது. அதன்பின் முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, அறுவை முடிந்து திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். 'சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று பழியை நோயாளி மேல் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது நூறு டாலர் அளவில் விலை இருந்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடம் தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு இறக்கிக் காட்டினார்கள். லென்ஸ் செய்வது டாக்டர் வேலையா? இல்லை. நம்மைப் போல மெஷின் படித்தவர்கள் வேலை!

வேகம் ஒன்று, விளைவு வேறு

"அப்படியானால் நிறையப் பேருக்கு வேகமாகச் செய்தால் அதுதான் திறமையான ஆஸ்பத்திரியா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை.

2014 நவம்பர் 8-ஆம் தேதி சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு முகாம் ஒன்று நடந்தது. பூட்டிக் கிடந்த ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே டாக்டர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். ஒரு நாளில் ஒருவர் 30-க்கு மேல் செய்யக் கூடாது என்பது விதி. அடுத்த சில நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். எல்லாரும் ஏழை வீட்டுப் பெண்கள், சின்னப் பிள்ளைகளுக்குத் தாய்மார்கள். கொடுமை என்னவென்றால், அறுவை எண்ணிக்கைக்காக அந்த டாக்டர் அதே ஆண்டின் தொடக்கத்தில் மாநில அரசின் பாராட்டைப் பெற்றவர்!

மதுரையிலும் வேகம்தான், பிலாஸ்பூரிலும் வேகம்தான். ஒரு வேகம் பார்வை கொடுத்தது, இன்னொரு வேகம் உயிர் எடுத்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒரு இடத்தில் அறுவைக்குப் பின் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்பதை டாக்டர் வாரியாகக் குறித்துவைத்து, குறை இருந்தால் திருத்துகிறார்கள். மற்ற இடத்தில் எத்தனை பேருக்குச் செய்தோம் என்பதை மட்டும் எண்ணினார்கள். எதை எண்ணுகிறோமோ அதுதான் வளரும். தலையை மட்டும் எண்ணினால் தலைதான் கூடும், குணமானவர்கள் கூட மாட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டில் இலக்கு எண் வைத்து விரட்டும் முறையை மத்திய அரசே 1996-இல் கைவிடுவதாகச் சொன்னது. ஆனால் காகிதத்தில் போன இலக்கு அதிகாரிகளின் பழக்கத்திலிருந்து போகவில்லை என்பதைத்தான் பிலாஸ்பூர் காட்டியது. ஒரு நிறுவனத்தின் கலாச்சாரம் என்பது அதுதான். சர்க்குலர் மாறினாலும் மாறாமல் நிற்கும் பழக்கம்!

பாஸ்புக் தந்த பாடம்

தனியார் அறக்கட்டளையால்தான் இதெல்லாம் முடியும், அரசாங்கத்தால் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும் மருந்து அது. அதற்கு முன் மருந்து வாங்குவதில் பல கை, பல விலை. கழகம் வந்தபின் மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மாவட்டத்துக்குக் கிடங்கு, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து லேப் சோதனை என்று வந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். நம் பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். உனக்கு இவ்வளவு தொகை, அதற்குள் உன் ஊருக்கு வேண்டிய மருந்தை நீயே எடுத்துக்கொள். மற்ற மாநிலங்களும் இந்த முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

இதில் யாரும் மகாத்மாவாக மாறவில்லை. அதே ஊழியர்கள்தான். ஆனால் தப்புச் செய்வதைக் கஷ்டமாகவும் சரியாகச் செய்வதைச் சுலபமாகவும் ஆக்கினார்கள். நல்ல நிர்வாகத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சம்பளமா, சபாஷா?

சரி, ஏற்பாடு இருந்தால் போதுமா? அதை ஓட்டும் மனுசனுக்கு உற்சாகம் வேண்டாமா?

அமெரிக்காவில் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் சுமார் 200 எஞ்சினியர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு 1959-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சம்பளம், வேலைச் சூழல், மேலதிகாரி நடந்துகொள்ளும் விதம் இவை சரியில்லை என்றால் மனசு புழுங்கும். ஆனால் இவை சரியாக இருந்தால் மட்டும் உற்சாகம் பொங்கிவிடாது. வேலையில் சாதித்த நிறைவு, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி இவைதான் உற்சாகம் தரும் என்கிறார்.

முதல் பாதிக்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2015-இல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அப்போது, "நர்ஸ் வேலை புனிதமான சேவை, அவர்கள் போய்ப் போராடலாமா?" என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பேச்சில்தான் கோபம் வரும். புனிதம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? சேவை என்ற சொல் சம்பளப் பட்டுவாடாவுக்குப் பதில் அல்ல!

இரண்டாவது பாதியை நான் என் அம்மாவிடம் பார்த்தேன். அவர் வேலை பார்க்கும் இடத்தில் வருடக்கணக்கில் எல்லாரும் "ஏ, இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். கையுறை கிழிந்தால் மறு ஜோடிக்கு மூன்று பேரிடம் கேட்க வேண்டும். ஒரு தடவை புதிதாக வந்த டாக்டரம்மா ஒருவர், "அக்கா, நீங்க துடைக்கிற இந்த வார்டில ஆபரேஷன் புண் சீழ் பிடிக்கிறது குறைஞ்சிருக்கு. மருந்து பாதி, உங்க வேலை பாதி" என்று சொன்னாராம். அன்று ராத்திரி அம்மா அதை மூன்று தடவை சொன்னார். கிருமி என்றால் என்ன, எந்தத் தண்ணீரில் எவ்வளவு பினாயில், ஏன் ஒரே மாப்பால் கக்கூசையும் வார்டையும் துடைக்கக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தார். பள்ளிக்கூடம் போகாத என் அம்மா!

சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அது அநியாயம், அது ஏற வேண்டும். ஆனால் தன் வேலைக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் சொன்னதும், வேலை பார்க்கும் ஆளே மாறிப்போனார். மத்திய அரசு 2015-இல் 'காயகல்ப்' என்ற திட்டத்தில் ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்கு மார்க் போட்டுப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் பரிசு வாங்கும் போட்டோவில் மாப்பு பிடித்த கை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

லாக் புக்கில் ஓடும் ஜெனரேட்டர்

இப்போது என் பெஞ்ச் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். எலக்ட்ரிக்கல்காரனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

2019 மே 7-ஆம் தேதி மாலை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மழையோடு மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் சிலர் இறந்தார்கள். வென்டிலேட்டர் நின்றதே காரணம் என்று உறவினர்கள் அழுதார்கள். மருத்துவமனை நிர்வாகம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கிற எலக்ட்ரிக்கல் மாணவனுக்கு வயிற்றில் புளி கரைக்காவிட்டால் அவன் படிப்பு வீண்.

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமல் போக என்னென்ன காரணம் என்று நமக்குத் தெரியும். பேட்டரி இறங்கியிருக்கும், டீசல் இருக்காது, கரண்ட் போனதும் தானாக மாற்றிவிட வேண்டிய பேனலில் கோளாறு இருக்கும். எல்லாமே முன்கூட்டியே சோதித்தால் கண்டுபிடிக்கக் கூடியவை. அதற்குத்தான் லாக் புக். வாரா வாரம் ஓட்டிப் பார், லோடு கொடுத்துப் பார், ரீடிங் எழுது என்கிறார்கள். ஆனால் ஓட்டாமலே ரீடிங் எழுதினால்? ஜெனரேட்டர் லாக் புக்கில் மட்டும் ஓடும்!

நண்பர்களே, லேபில் ரீடிங் வரவில்லை என்றால் சீனியர் அண்ணன் ரெக்கார்டிலிருந்து 'எடுத்துக்கொள்ளும்' வழக்கம் பாலிடெக்னிக்குகளில் புதிதல்ல. 'ஒரு மார்க்குக்காகத்தானே' என்று சமாதானம் சொல்கிறார்கள். பதினெட்டு வயதில் பழகிய கை, முப்பது வயதில் ஆஸ்பத்திரி லாக் புக்கில் மட்டும் உண்மை எழுதுமா? ஒழுக்கம் என்பது கடைசி வருடம் எலெக்டிவாக எடுத்துப் படிக்கும் பாடம் அல்ல. முதல் செமஸ்டர் மல்டிமீட்டரிலேயே தொடங்குகிறது.

நாம் என்ன செய்யலாம்?

பேசிவிட்டு நிறுத்தினால் அதுவும் சீசன் அருவிதான். எனவே நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, இன்பிளான்ட் டிரெயினிங் என்றால் மில்லுக்கும் மின்வாரியத்துக்கும்தான் போகிறோம். தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கும் போக அனுமதி கேட்கலாம். ஆக்சிஜன் குழாய், ஜெனரேட்டர், யு.பி.எஸ்., லிப்ட், ஏ.சி. என்று அத்தனை பாடமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிறது.

இரண்டு, எந்த ஆஸ்பத்திரியிலும் சக்கரம் கழன்ற ஸ்ட்ரெச்சர், கால் ஒடிந்த கட்டில், தள்ளினால் இழுக்கும் வீல்சேர் என்று ஒரு மூலையில் குவிந்திருக்கும். மெக்கானிக்கல் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வெல்டிங் செட்டோடு போனால் போதும். சீசன் சமயத்தில் அருவிக்கரையில் வழுக்கி விழுந்து கை கால் ஒடிந்து வருகிறவர்களுக்கு உருளுகிற ஸ்ட்ரெச்சர் ஒன்று கிடைக்கும். முறைப்படி அனுமதி வாங்கி, ஆசிரியர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். 'ஒரு நாள் முகாம், ஒரு போட்டோ' என்று முடியாமல், தேதி குறித்து அட்டவணை போட்டுச் செய்ய வேண்டும்.

மூன்று, நம் காலேஜையே முதலில் பார்க்கலாம். நம் லேபைக் கூட்டிப் பெருக்கும் அக்காவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாட்ச்மேன் அண்ணாச்சியை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? நாலாவது ஆளுக்கு மரியாதை கொடுக்கும் பழக்கம் இங்கே வராவிட்டால், நாளை நாம் சூப்பர்வைசர் ஆகும் இடத்திலும் வராது.

நாளை நம்மில் பலர் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்ப்போம். அங்கே நாம் டாக்டராக இருக்க மாட்டோம், நர்சாக இருக்க மாட்டோம். வெள்ளைக் கோட்டு நமக்கு இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போகும்போது, ஒரு குழந்தையின் மூச்சுக்கும் இருட்டுக்கும் நடுவில் நிற்கப் போவது, பகலில் யாராவது ஒழுங்காகச் சோதித்துவைத்த ஒரு பேட்டரிதான்.

அந்த யாராவது நாமாக இருப்போம்!